அரசரின் கொடியைத் தூக்கிய அடிமைகள்: வெனிசுவேலாவின் விடுதலைப் புரட்சி இரண்டு முறை தோற்றது ஏன்?

1811 ஜூலை 5 அன்று காரகாஸ் நகரில் கூடிய பேரவை, ஸ்பெயினோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அறிவித்தது. ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் முழு விடுதலையை முறைப்படி முதலில் அறிவித்தது வெனிசுவேலாதான். ஆனால் அடுத்த ஆண்டே அந்தக் குடியரசு விழுந்தது. 1813இல் மறுபடி எழுந்து, 1814 முடிவதற்குள் மறுபடி விழுந்தது. ஸ்பெயினிலிருந்து கப்பலேறிய பெரும்படைக்கு இந்த இரண்டு வீழ்ச்சியிலும் பங்கில்லை. அந்தப் படை கரை இறங்கியதே 1815 ஏப்ரலில்தான். அதற்குள் கதை முடிந்திருந்தது. குடியரசை வீழ்த்திய படைகளில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்த ஏழைகள். கலப்பினத்தவர், கறுப்பர், மாடு மேய்க்கிறவர், தப்பி ஓடிய அடிமைகள். தங்களை ஆண்டுவந்த ஒரு பேரரசுக்காக அவர்கள் ஏன் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டார்கள்?

விடுதலைப் போரின் தலைவர் பொலிவாரின் வீரம், ஆண்டிஸ் மலையைக் கடந்த சாகசம் என்று இந்தப் புரட்சியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். விடை இல்லாமல் பொலிவாரின் வெற்றியும் புரியாது என்று நினைக்கிறேன்.

யாருடைய புரட்சி?

1800 வாக்கில் வெனிசுவேலாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 8 லட்சம். அதில் பாதிப் பேர் பார்தோ எனப்பட்ட கலப்பினத்தவர். அடிமைகளும் பூர்வகுடிகளும் இவர்களைத் தவிர. உச்சியில் இருந்தவை மந்துவானோ எனப்பட்ட சில வெள்ளை நிலக்கிழார் குடும்பங்கள். கொக்கோ தோட்டங்கள், மாட்டுப் பண்ணைகள், அடிமைகள் எல்லாம் அவர்களுடையவை. சிமோன் பொலிவார் பிறந்தது அப்படி ஒரு குடும்பத்தில், அதுவும் அவற்றில் மிகப் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றில்.

இந்தக் குடும்பங்களுக்கு ஸ்பெயின் மீது இருந்த கோபம் உண்மையானதுதான். வணிகம் ஸ்பெயின் கையில் இருந்தது, பெரிய பதவிகளும் அங்கிருந்து வந்தவர்களுக்கே போயின. ஆனால் வேறொரு கோபமும் இருந்தது. 1795இல் ஸ்பெயின் அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார்: வசதியுள்ள பார்தோ ஒருவர் கட்டணம் செலுத்தி, வெள்ளையருக்கு உரிய சட்டத் தகுதியை வாங்கிக்கொள்ளலாம். அதன்பின் கல்வி, பதவி, திருமண உறவு ஆகியவற்றின் கதவு அவருக்குக் கொஞ்சம் திறக்கும். காரகாஸ் நகரசபை கொதித்துப் போனது. அடுத்த ஆண்டே அரசருக்கு நீண்ட கண்டனம் அனுப்பியது. அந்த நகரசபையில் உட்கார்ந்திருந்தது இதே மந்துவானோ குடும்பங்கள்தான்.

கீழே இருந்தவர்களின் கண்ணில் இது எப்படிப்பட்டிருக்கும்? அரசர் கடலுக்கு அப்பால் இருந்தார். எப்போதாவது ஒரு சலுகை அவரிடமிருந்து வரும். சாட்டை வைத்திருந்த எஜமானர் பக்கத்து வீட்டில் இருந்தார். இப்போது அந்த எஜமானர்தான் ‘விடுதலை’ என்று பேசுகிறார்.

1808இல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்து அரசர் ஏழாம் பெர்னாந்தோவைச் சிறைப்பிடித்ததும் வாய்ப்புக் கிடைத்தது. 1810 ஏப்ரல் 19, பெரிய வியாழன். காரகாஸ் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆளுநர் விசென்தே எம்பரானின் கையை வாசலருகே ஒருவர் பிடித்து நிறுத்தி, நகரசபைக்குத் திரும்பச் சொன்னார். திரும்பினார். வாக்குவாதம் முற்றியதும் மாடிமுகப்புக்கு வந்த எம்பரான், கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்து “நான் ஆள்வது உங்களுக்கு விருப்பமா?” என்று கேட்டார். பின்னால் நின்ற பாதிரியார் மதாரியாகா ‘வேண்டாம்’ என்று சொல்லுமாறு கூட்டத்துக்குச் சைகை காட்டினார். கூட்டம் அப்படியே கத்தியது. சரி, எனக்கும் வேண்டாம் என்று எம்பரான் பதவியை விட்டார். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஆட்சி கைமாறியது. புதிய ஆட்சிக்குழு பெர்னாந்தோவின் உரிமைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் பொறுப்பேற்றது. முழு விடுதலைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆனது.

1811 டிசம்பரில் வந்த அரசமைப்புச் சட்டம் தாளில் அழகாக இருந்தது. பார்தோக்களை இழிவுபடுத்திய பழைய சட்டங்களை நீக்கியது. ஆனால் வாக்குரிமைக்குச் சொத்துத் தகுதி வைத்தது. அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அடிமை முறையை அப்படியே விட்டது. தெற்கே யானோஸ் எனப்படும் புல்வெளிகளில் யாருக்கும் சொந்தமில்லாத மாடுகளைப் பிடித்துப் பிழைத்துவந்தவர்கள் யானெரோக்கள். புல்வெளிக்கென்று இயற்றப்பட்ட புதிய விதிகள் அந்தப் பிழைப்பையே குற்றமாக்கின. புது ஆட்சி அவர்களுக்குக் கொண்டுவந்த முதல் செய்தி அதுதான்.

முதல் வீழ்ச்சி

1812 மார்ச்சில் தோமிங்கோ தெ மோந்தெவெர்தெ என்ற கடற்படை அதிகாரி, அரசர் பக்கம் நின்ற கோரோ நகரிலிருந்து கிளம்பினார். முந்நூறு பேர்கூட அவரோடு இல்லை. மார்ச் 26 அன்று பூமி அதிர்ந்தது. காரகாஸ், லா குவாய்ரா, பார்கிசிமேத்தோ, மெரிதா என்று குடியரசின் ஊர்கள் இடிந்து விழுந்தன. பல்லாயிரம் பேர் மாண்டார்கள், படைமுகாம்களோடு வீரர்களும் புதைந்தார்கள். அரசர் பக்கம் இருந்த கோரோ, மரகாய்போ ஆகிய ஊர்களுக்குப் பெரிய சேதமில்லை. போதாததற்கு, அன்றும் பெரிய வியாழன். ஆளுநரை இறக்கிய அதே திருநாளில் கடவுள் தண்டித்துவிட்டார் என்று பாதிரிமார்கள் இடிபாடுகளுக்கு நடுவே பிரசங்கம் செய்தார்கள்.

குடியரசு விழுந்ததற்கு நிலநடுக்கத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. மோந்தெவெர்தெயின் சிறு படை போகிற வழியெல்லாம் பெருத்தது, ஊர்கள் தாமாகவே கதவைத் திறந்தன. ஜூன் மாதம் பார்லோவென்தோ கொக்கோ தோட்டங்களில் அடிமைகள் எழுந்தார்கள், அரசரின் பெயரைச் சொல்லி. காரகாசின் நிலக்கிழார்களை மோந்தெவெர்தெயைவிட அதிகம் நடுங்கவைத்தது இந்த எழுச்சிதான். ஜூன் 30 அன்று புவெர்த்தோ கபேயோ கோட்டை, வினோனி என்ற அதிகாரியின் துரோகத்தால் கைவிட்டுப் போனது. அந்தத் துறைமுகத்தின் பொறுப்பில் இருந்தவர் 28 வயது பொலிவார்.

குடியரசின் தலைமைத் தளபதி பிரான்சிஸ்கோ தெ மிராந்தா ஜூலை 25 அன்று சரணடைய ஒப்பந்தம் செய்தார். ஐரோப்பாவையே சுற்றிவந்த, பிரெஞ்சுப் புரட்சியில் தளபதியாக இருந்த முதியவர். அவர் லா குவாய்ராவில் கப்பலேறும் முன், பொலிவாரும் சில இளம் அதிகாரிகளும் அவரைத் துரோகி என்று சொல்லித் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கைது செய்தார்கள். அப்புறம் அவர் ஸ்பானியர் கையில் சிக்கி, 1816இல் காதிஸ் சிறையில் இறந்தார். பொலிவாரோ மோந்தெவெர்தெயிடம் கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நாட்டை விட்டுப் போனார். இந்த ஒரு செயலை நியாயப்படுத்தப் பலர் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். எந்த வாதமும் என் மனதை மாற்றவில்லை.

போவெஸும் புல்வெளியும்

1813இல் பொலிவார் நியூ கிரனாதாவிலிருந்து (இன்றைய கொலம்பியா) ஒரு சிறு படையோடு திரும்பி, சில மாதங்களில் ஊர் ஊராகப் பிடித்து ஆகஸ்டு 6 அன்று காரகாசுக்குள் நுழைந்தார். வழியில், ஜூன் 15 அன்று திருகீயோவில் ‘சாகும்வரை போர்’ என்ற பிரகடனம் வெளியிட்டார். விடுதலைக்காக உழைக்காத ஸ்பானியர் நடுநிலை வகித்தாலும் சாவு நிச்சயம். அமெரிக்காவில் பிறந்தவர் குற்றவாளியானாலும் உயிர் நிச்சயம் என்றது அது. மக்களை ஸ்பானியர், அமெரிக்கர் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவது அவர் திட்டம். ஆனால் புல்வெளியில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடு அங்கே தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கோடு தோலின் நிறத்திலும் நிலப்பட்டாவிலும் ஓடியது.

ஹோசே தோமாஸ் போவெஸ் இதைப் புரிந்துகொண்டார். ஸ்பெயினின் அஸ்தூரியாசில் பிறந்தவர். கடத்தல் வழக்கில் தண்டனை பெற்று, புல்வெளி நகரான கலபோசோவில் கடை வைத்துப் பிழைத்தவர். முதல் குடியரசு அவரைச் சிறையில் தள்ளியது. வெளியே வந்ததும் யானெரோக்களைத் திரட்டினார். அவர்களோடு சாப்பிட்டார், அவர்களோடு தூங்கினார். வெள்ளையரின் சொத்து உங்களுக்கு என்றார். அவருடைய படைப் பாதிரியாரே பின்னாளில் அரசருக்கு எழுதிய அறிக்கையில், ஆயிரக்கணக்கானோர் கொண்ட அந்தப் படையில் வெள்ளையர் நூறு பேர்கூட இல்லை என்று அதிர்ச்சியோடு குறிப்பிடுகிறார். அரசரின் பெயரால் நடந்த அந்தப் போரில் அரசரின் அதிகாரிகளே போவெஸைக் கண்டு பயந்தார்கள்.

1814 ஜூன் 15 அன்று லா புவெர்த்தாவில் பொலிவாரின் படையை போவெஸின் குதிரைகள் நசுக்கின. ஜூலையில் காரகாசிலிருந்து ஏறக்குறைய 20,000 பேர் பொலிவாரின் பின்னால் கிழக்கே நடந்தார்கள். பசியிலும் நோயிலும் பலர் வழியிலேயே செத்தார்கள். பிடிபட்ட ஊர்களில் போவெஸின் ஆட்கள் செய்த கொலைகள் கொடூரமானவை. அந்த ஆண்டு பிப்ரவரியில் காரகாசிலும் லா குவாய்ராவிலும் 800க்கும் மேற்பட்ட ஸ்பானியக் கைதிகளைக் கொல்ல ஆணையிட்டவர் பொலிவார் என்பதையும் இதே பத்தியில் எழுதாமல் போனால் அது நேர்மையில்லை. டிசம்பர் 5 அன்று உரிகாவில் ஈட்டி குத்தி போவெஸ் இறந்தார். அதற்குள் இரண்டாம் குடியரசு இல்லை.

ஹைட்டியில் கேட்ட விலை

பொலிவார் ஜமைக்காவுக்கு ஓடினார். பிரிட்டனின் உதவியை எதிர்பார்த்து எழுதிய கடிதங்களுக்குப் பலனில்லை. 1815 கடைசியில் ஹைட்டிக்குப் போனார். 1816 ஜனவரி 2 அன்று அதிபர் அலெக்சாந்தர் பெத்தியோனைச் சந்தித்தார். அடிமைகளே எழுந்து எஜமானர்களைத் துரத்தி 1804இல் உருவாக்கிய நாடு அது. ஸ்பானிய அமெரிக்காவின் நிலக்கிழார்கள் கெட்ட கனவாகக் கண்ட நாடு. பெத்தியோன் துப்பாக்கி, வெடிமருந்து, அச்சு இயந்திரம், கப்பலுக்கு வேண்டியவை எல்லாம் கொடுத்தார். பணமாக எதுவும் கேட்கவில்லை. நீ விடுவிக்கும் இடமெல்லாம் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும் என்றார்.

1816 ஜூன் 2 அன்று கருபானோவில் பொலிவார் அந்த வாக்கைக் காப்பாற்ற ஓர் ஆணை வெளியிட்டார். படித்தால் உற்சாகமும் வருத்தமும் ஒருசேர வரும். அடிமைகளுக்கு விடுதலை உண்டு. ஆனால் 14 முதல் 60 வயதுவரையுள்ள ஆண்கள் 24 மணி நேரத்துக்குள் படையில் சேர வேண்டும். மறுப்பவர் அடிமையாகவே இருப்பார். அவருடைய மனைவி, சிறு பிள்ளைகள், வயதான பெற்றோரும் அப்படியே. பெத்தியோன் கேட்டது இதுவல்ல. ஆனாலும், தன் வீட்டு அடிமைகளை வைத்திருந்த ஒரு மந்துவானோ இதுவரை வந்துசேர்ந்ததே பெரிய தூரம்தான்.

1817 நடுவில் ஓரினோக்கோ நதிக்கரையில் உள்ள அங்கோஸ்துரா நகரம் குடியரசின் கைக்கு வந்தது. கடலுக்கு வழியும் மாடும் கோவேறு கழுதையும் நிறைந்த வட்டாரம். படைக்குச் சோறும் ஆயுதத்துக்குக் காசும் முதன்முறையாக நிலையாகக் கிடைத்தன. அந்த அக்டோபரில் ஆறே நாட்களில் நடந்த இரண்டு காரியங்களை நான் எப்போதும் சேர்த்தே பார்ப்பேன்.

அக்டோபர் 10: எதிரிகளிடமிருந்து பறிமுதல் செய்த சொத்துகளைப் படையினருக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. தலைமைத் தளபதிக்கு 25,000 பேசோ. கடைசி வரிசைச் சிப்பாய்க்கு 500. போவெஸ் வாய்மொழியாகக் கொடுத்த வாக்கைக் குடியரசு இப்போது எழுத்தில் கொடுத்தது.

அக்டோபர் 16: பார்தோ தளபதி மானுவேல் பியார், அங்கோஸ்துரா தேவாலயச் சுவரோரம் நிற்கவைத்துச் சுடப்பட்டார். அந்த வட்டாரத்தை வென்று கொடுத்த சான் பெலிக்ஸ் போரின் நாயகன் அவர்தான். பார்தோக்களை வெள்ளையருக்கு எதிராகக் கிளப்பினார், கட்டளையை மீறினார் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு பொலிவாரின் தலைமையையே ஒதுக்கித் தனி ஆட்சி அமைக்கப் பார்த்த வெள்ளைத் தளபதி மரீன்யோவுக்கு மன்னிப்புக் கிடைத்தது. பார்தோக்கள் சண்டை போடலாம், பங்கும் வாங்கலாம்; தலைமையைக் கேட்கக் கூடாது. அந்த வாரம் சொன்னது இதைத்தான்.

பாயெஸின் ஆட்கள்

இதற்கிடையே ஸ்பெயின் தன் தவறைச் செய்திருந்தது. 1815இல் பாப்லோ மொரீயோ தலைமையில் 10,000க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். அதுவரை அரசருக்காகச் செத்துக்கொண்டிருந்த யானெரோக்களை அந்த அதிகாரிகள் கந்தலுடை கூட்டமாகப் பார்த்தார்கள். படைகளைக் கலைத்தார்கள், கறுப்பு அதிகாரிகளை மட்டம் தட்டினார்கள். மனம் கசந்தவர்கள் அபூரே நதிப் பக்கம் ஹோசே அந்தோனியோ பாயெஸிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

பாயெஸ் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையில்லை. இளவயதில் ஒரு மாட்டுப் பண்ணையில் கூலிக்கு இருந்தவர். அங்கே அவருக்கு மேலாளாக இருந்தவர் மானுவெலோத்தே என்ற கறுப்பு அடிமை. ராத்திரி அவர் ஊஞ்சல் படுக்கையில் சாய்ந்ததும் கால் கழுவிவிடுவது பாயெஸின் வேலை. அவர் ஆட்கள் சேணம் இல்லாமலும் குதிரை ஓட்டுவார்கள், உப்பில்லாத மாட்டிறைச்சியைத் தின்று காலம் தள்ளுவார்கள். 1818 பிப்ரவரியில் பொலிவாரின் படை அபூரே கரைக்கு வந்தபோது கடக்கப் படகில்லை. படகுக்கு நான் பொறுப்பு என்றார் பாயெஸ். எங்கே இருக்கின்றன என்று கேட்டால், அதோ என்று எதிரியின் போர்ப்படகுகளைக் காட்டினார். ஐம்பது பேர் குதிரைகளோடு ஆற்றில் குதித்தார்கள். முதலை உள்ள ஆறு. நீந்திப் போய்ப் படகுகளில் ஏறியதும், இப்படி ஒரு தாக்குதலை நினைத்தே பார்க்காத ஸ்பானிய வீரர்கள் தண்ணீரில் பாய்ந்து தப்பினார்கள். பொலிவார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆட்களில் ஒருவர் பெத்ரோ கமேஹோ. முன்னாள் அடிமை, முதலில் அரசர் படையில் இருந்தவர். நீ ஏன் எதிரிப் படையில் சேர்ந்தாய் என்று பொலிவார் அவரிடம் கேட்டதையும் வந்த பதிலையும் பாயெஸ் எழுதிவைத்திருக்கிறார். பேராசைதான் ஐயா என்றார் கமேஹோ. சட்டையும் காசும் இல்லாமல் போருக்குப் போனவர்கள் நல்ல உடுப்போடும் பையில் பணத்தோடும் திரும்புவதைப் பார்த்தேன், நானும் போனேன் என்றார். தலைப்பில் உள்ள கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. பறிக்க வந்த குடியரசுக்கும் கொடுக்கிறேன் என்ற போவெஸுக்கும் நடுவே ஒரு சட்டைகூட இல்லாதவர் எந்தப் பக்கம் போவார்?

வெற்றி

இனி நடந்தது பலருக்கும் தெரிந்த பகுதி. 1819 மே மாதம், மழை தொடங்கிய நேரத்தில், பொலிவார் மேற்கே நியூ கிரனாதாவை நோக்கித் திரும்பினார். வெள்ளத்தில் மூழ்கிய புல்வெளியைக் கடந்து, 3,900 மீட்டர் உயரமுள்ள பிஸ்பா கணவாயில் படை ஏறியது. வெப்பநாட்டு ஆட்கள், மேலில் அரைத்துணி. குளிரில் பலர் விறைத்துச் செத்தார்கள், குதிரைகள் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. மறுபக்கம் சோச்சா கிராமத்து மக்கள் தங்கள் உடுதுணிகளைக் கழற்றிக் கொடுத்து அவர்களை மூடினார்கள். ஜூலை 25 அன்று வர்காஸ் சதுப்பு நிலத்தில் தோல்வி கண்முன்னே நின்றபோது, நிலைமையைத் திருப்பியது ரோந்தோனின் யானெரோ ஈட்டிக்காரர்கள். ரோந்தோனும் முன்பு அரசர் பக்கம் சண்டை போட்டவர்தான். ஆகஸ்டு 7 அன்று போயகாவில் அரசர் படையில் ஏறக்குறைய 1,600 பேர் சிறைப்பட்டார்கள். அந்தக் கைதிகளில் வினோனியும் இருந்தார், ஏழு ஆண்டுகளுக்குமுன் கோட்டையைக் காட்டிக்கொடுத்தவர். பொலிவார் அடையாளம் கண்டு தூக்கிலிட்டார்.

1820 ஜனவரி 1 அன்று காதிஸ் அருகே, அமெரிக்காவுக்குக் கப்பலேற இருந்த ஸ்பானியப் படை தன் அரசருக்கு எதிராகவே கலகம் செய்தது. மொரீயோவுக்கு இனி உதவி வராது என்பது உறுதியானது. 1821 ஜூன் 24 அன்று கரபோபோ போர் வெனிசுவேலாவின் விடுதலையை முடிவு செய்தது. கமேஹோ அன்று களத்தில் இறந்தார்.

பங்கு என்ன ஆனது?

500 பேசோ பெறுமான சொத்து கிடைக்கவேண்டிய சிப்பாய்களுக்குக் கிடைத்தது காகிதச் சீட்டு. நிலம் அளந்து கொடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். பசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சீட்டுகளை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் வணிகர்களும் தளபதிகளும். பெருமளவில் வாங்கியவர்களில் பாயெஸும் ஒருவர். அடிமையின் காலைக் கழுவிய அந்தப் பையன் நாட்டின் பெரிய நிலக்கிழார்களில் ஒருவரானார், அதிபரும் ஆனார்.

முழு அடிமை ஒழிப்பை ஏற்கும்படி 1819இல் அங்கோஸ்துரா பேரவையிடம் பொலிவார் மன்றாடினார். பேரவை நழுவியது. 1821இல், வெனிசுவேலாவும் நியூ கிரனாதாவும் சேர்ந்த புதிய குடியரசின் குகூத்தா பேரவை, இனிப் பிறக்கும் குழந்தைகள் மட்டும் சுதந்திரர் என்றது. அதுவும் தாயின் எஜமானருக்கு 18 வயதுவரை உழைத்த பிறகு. 1830இல் அந்தக் குடியரசிலிருந்து பிரிந்து தனி நாடான வெனிசுவேலா அந்த வயதை 21 ஆக்கியது. ஸ்பானிய அமெரிக்காவின் புதிய குடியரசுகள் 1826இல் பனாமாவில் கூடியபோது ஹைட்டிக்கு அழைப்பு இல்லை. வெனிசுவேலாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1854 மார்ச் 24 அன்று. அந்தச் சட்டம் இழப்பீடு வழங்கச் சொன்னது எஜமானர்களுக்கு.